அதட்டல் கேக்காத பன்னிங்க

எங்க அக்கா புருஷன் மகா கோவக்காரர். ஆனா அதெல்லாம் மனுஷங்ககிட்டதான். தன் பண்ணையில பன்னிங்ககிட்ட ஒரு நாளும் குரலை உசத்தினதில்ல. கொட்டகைக்குள்ள நான் தும்மினாக்கூட, "மெதுவா மாப்ள, பிள்ளைங்க பயந்துக்கும்"பார். "என்கிட்ட ஒரு நாள் இப்படிப் பேசியிருப்பாரா?"ன்னு அக்கா தலையில அடிச்சுக்குவா.

குட்டிங்கள்ல கொழுப்பு கம்மியா, தொடை திரண்டு இருக்கறதை மட்டும்தான் இனத்துக்கு நிறுத்துவார். மத்ததெல்லாம் கறிக்கு. இருபது வருஷமா அப்படிச் சேர்த்த இனம். "என் வம்சம்"னு கூச்சமே இல்லாம சொல்லிக்குவார்.

போன வருஷம் பெரிய கறிக்கூடம் ஒண்ணு அவர்கிட்ட பன்னி வாங்க ஆரம்பிச்சுது. அவங்க லாரி ஆளுங்க கத்திக் கூச்சல் போட்டு, தடியால குத்தி ஏத்தினாங்க. ரெண்டு பன்னி விறைச்சுப்போய் வழியிலேயே செத்துச்சு. மத்ததோட கறி வெளுத்து, தொளதொளன்னு தண்ணி விட்டுச்சாம்.

"கொன்னதும் இவனுங்க, குறை சொல்றதும் இவனுங்களா?"ன்னு மாமா குதிச்சார். தன் இனத்து மேல தப்பில்லன்னு காட்டறதுக்காக, கால்நடை டாக்டரம்மாவைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னதும் அவரேதான்.

முடிவைச் சொல்ல டாக்டரம்மா நேர்லயே வந்தாங்க. "பிறவிக் கோளாறுண்ணா. பயந்தா தசை விறைச்சு உடம்பு கொதிக்கும். அந்த மரபணு இருக்கறதுங்களுக்குத்தான் கொழுப்பு குறைஞ்சு தொடை திரளும். நீங்க அதையே பாத்துப் பாத்துச் சேர்த்திருக்கீங்க. இங்க ஒண்ணுகூடத் தப்பல."

"அப்போ இத்தனை வருஷம் இங்க எதுவும் சாகலையேம்மா?"

"நீங்கதான் பயமுறுத்தவே இல்லையேண்ணா."

மனுஷன் அப்படியே தரையில உக்காந்துட்டார். அவர் அதட்டாததாலதான் கோளாறு இத்தனை வருஷமா வெளியவே தெரியல. தன்மையா நடந்துக்கிட்டதுக்கு இப்படி ஒரு தண்டனையா?

எதையும் இனத்துக்கு நிறுத்த முடியாதுன்னு ஆனதும், முழு இனத்தையும் கறிக்கு அனுப்பறதைத் தவிர வேற வழியில்ல. அன்னிக்கு லாரி ஆளுங்களை மாமா கிட்டயே விடல. "வாடா கண்ணு, வா"ன்னு தானே முன்னால நடந்தார். எல்லாம் அவர் பின்னாலயே சமத்தா ஏறுச்சுங்க. அவரும் அதுங்களோடயே பின்னாடி உக்காந்து போனார். கறிக்கூடத்துல ஒவ்வொண்ணையும் முதுகைத் தடவிக்கொடுத்து உள்ள அனுப்பினாராம். ஒண்ணுகூட மிரளலையாம்.

மறுநாள் கறிக்கூடத்து மேனேஜர் போன் பண்ணினார். "அண்ணே, இந்தத் தடவை கறி பிரமாதம். நல்ல சிவப்பு, சொட்டுத் தண்ணி விடல. இதே இனத்துல அடுத்த லோடு எப்ப அனுப்பறீங்க?"

மாமா கொட்டகைப் பக்கம் பாத்தார். கழுவி விட்டிருந்த தரை இன்னும் காயல.

"அவ்வளவுதான்பா, தீர்ந்துடுச்சு"ன்னு போனை அக்கா கையில குடுத்துட்டு, சின்னப்பிள்ளை மாதிரி விசும்ப ஆரம்பிச்சார்.