கையில் கொடுத்தனுப்பியது

அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் நாங்கள் மனை வாங்கியபோது, விற்றவர் எல்லாமே பக்கம் என்றார். கடை பக்கம், மாவு மில் பக்கம், பஸ் ஸ்டாப் பக்கம். வந்து பார்த்தால் முள்ளுச் செடியும் எல்லைக் கல்லும்தான் இருந்தன. கடைகள் ஒவ்வொன்றாக வரப் பல வருடம் பிடித்தது. இப்போது தெருமுனையில் டீக்கடை, அதைத் தாண்டி மளிகைக்கடை, கோயில் திருப்பத்தில் மாவு மில். இதற்கெல்லாம் உட்கார்ந்து நன்றி சொல்லி எழுதுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். சித்தேரி மலை ரூட்டில்தான் பாதி சர்வீஸ் போனது. ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்தது. கைகால் தேறிவிட்டது, ஞாபகம்தான் தேறவில்லை. காலையில் நடக்கப் போனவர் ஒருநாள் வழி மறந்து, லாரிகள் பறக்கிற நான்குவழிச் சாலையின் ஓரத்தில் நின்றிருக்கிறார். தெரிந்தவர் ஒருவர் பைக்கில் கூட்டிவந்து விட்டார்.

ஓசூரில் இருக்கும் மகள், "கேட்டைப் பூட்டி வைம்மா. இல்லைன்னா ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க" என்றாள். பூட்டினேன். அவர் சண்டை எதுவும் போடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்து நின்றார். காலமெல்லாம் ரோட்டில் இருந்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. பூட்டை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் வெளியே போய்த் திரும்பும்வரை என் உயிர் என்னிடம் இருக்காது.

ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். டீக்கடையில் ஒரு தூக்குப்பாத்திரத்தை அவர் கையில் கொடுக்கிறார்கள். மளிகைக்கடையில் அதை வாங்கிக்கொண்டு ஒரு பையைக் கொடுக்கிறார்கள். அவர் பையோடு மில்லுக்குப் போகிறார். எனக்கு வந்ததே கோபம். உடம்பு முடியாதவரை எடுபிடி ஆக்கிவிட்டார்களே என்று நேராக டீக்கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

டீக்கடைக்காரருக்குச் சொந்த ஊர் சித்தேரி. நான் பேசி முடிக்கும்வரை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கக்கா. சும்மா உட்டா அண்ணன் எந்தப் பக்கம் போவாருன்னு எங்களுக்கும் பயந்தானுங்க. அதான் கையில எதாச்சும் குடுத்து உடறோம். மலைக்கு பஸ் ஓட்டுனப்போ, எங்கம்மாவுக்கு டவுன்ல இருந்து மாத்திரையெல்லாம் அண்ணங்கிட்டத்தான் குடுத்து உடுவோம். குடுக்கற எடத்துல குடுக்காம அவரு வேற எங்கயும் போனதில்லைங்க. இப்பவும் போறதில்லை. இங்க கிளம்புனதும் நான் மளிகைக்கு போன் பண்ணிருவேன். அவங்க மில்லுக்குப் பண்ணிருவாங்க."

"தூக்குல என்ன இருக்கு? சும்மா பேருக்குத்தானா?"

"நெசமாவே டீ தானுங்க. பொய்யாக் குடுத்தா அண்ணனுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க."

"மில்லுல இருந்து?"

"அது உங்க வூட்டுக்குத்தானுங்க வருது."

அப்போதுதான் உறைத்தது. தினமும் அவர் கையில் ஒரு கொத்து முருங்கைக்கீரை வரும். எதற்கு இதைப் போய் வாங்கிவருகிறார் என்று முணுமுணுத்தபடி பிடுங்கி அடுப்படியில் போட்டுக்கொண்டிருந்தேன். மில்லுக்கார அம்மா தன் வீட்டு மரத்திலிருந்து ஒடித்துக் கொடுத்தது அது.

அன்றைக்கே மகளிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "அங்க அப்படி என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். மூன்று கடை இருக்கிறது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஊருக்கு வரும்போது கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

மறுநாள் கேட்டருகிலேயே நின்று காத்திருந்தேன். கீரையோடு வந்தார். நான் கை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த வூட்டுக்காரம்மாகிட்டத்தான் குடுக்கணும்னு சொன்னாங்க. நீங்கதானுங்களா?"

"நாந்தாங்க" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.