பெரிய துரை ரிலீவ் ஆன வெள்ளிக்கிழமை

1. போன்

ஓவேலிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் தொழிலாளர் விஷயங்களைப் பார்க்கும் பர்சனல் ஆபீஸராக இருந்தேன். கம்பெனி கைமாறி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸிலிருந்து புது டைரக்டர் கூப்பிட்டார்.

"ஏனுங்க சிவசாமி, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லீங்க சார்."

"ஜேக்கப்பை வெள்ளிக்கிழமையோட ரிலீவ் பண்றோம். லெட்டர் உங்க பேருக்கு வரும். நீங்கதான் கையில கொடுக்கோணும். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. லெட்டர் வாங்கினதுக்கப்புறம் அவர் எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடக்கூடாது. புரியுதுங்களா?"

புரிந்தது.

ஜேக்கப் எங்கள் மேனேஜர். தொழிலாளர்களுக்குப் பெரிய துரை. இருபத்திநாலு வருஷம் அதே எஸ்டேட். கோபக்காரர். என்னையே நாலு பேர் முன்னால் திட்டியிருக்கிறார். ஆனால் சொன்னால் செய்வார். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் மட்டும் கிடையாது. தேயிலைக் காட்டுக்குள் நடந்துகொண்டே "சரி, செய்யலாம்" என்பார். அதுதான் ஆர்டர்.

2. தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள்

செவ்வாய்க்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அடுத்த வருஷம் எந்தெந்த ஃபீல்டில் செடியைக் கவாத்து வெட்டுவது என்று மேப்பில் பென்சிலால் குறித்தார். "ஏழாம் நம்பரை இந்தத் தடவை விட்டுடலாம், செடி களைச்சிருக்கு" என்றார். நான் தலையாட்டினேன். அன்று வீட்டுக்குப் போனபோது, சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் கிடந்தேன். அவ்வளவு அலுப்பு.

வியாழக்கிழமை முத்தையா ஆபீஸுக்கு வந்தார். சிலோனிலிருந்து திரும்பி வந்தவர், கவாத்துக்காரர், ரிடையர் ஆகி இரண்டு வருஷம்.

"ஐயா, எங்க லயத்து வீடுகளுக்குக் கூரைத் தகரம் எப்ப வரும்? மழைக்கு முந்தி மாத்திறணும்."

"நீங்க ரிடையர் ஆயிட்டீங்களே. இன்னும் கம்பெனி லைன் வீட்டுலதான் இருக்கீங்களா?"

"பெரிய தொரைதான் இருந்துக்கச் சொன்னாரு. எங்களை மாதிரி பதினாலு குடும்பம் இருக்கு. கடலத் தாண்டி வந்தவங்களுக்கு வேற ஊரு ஏதுங்கய்யா?"

அவர் போன பிறகு ஃபைல்களைப் புரட்டினேன். அந்தப் பதினாலு வீட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. துரை போன மறுவாரமே புது நிர்வாகம் காலி செய்யச் சொன்னால், காட்டுவதற்கு எதுவும் கிடையாது.

3. வெள்ளிக்கிழமை

காலை ஒன்பது மணிக்கு அவர் அறைக்குப் போனேன். லெட்டர் என் பையில் இருந்தது.

"சார், ஃபைல்ல இல்லாம யாருக்காச்சும் வாக்குக் கொடுத்திருக்கீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"லெட்டர் வந்தாச்சா, சிவசாமி?"

நான் நோட்டை விரித்துப் பேனாவை எடுத்தேன்.

"சரி. முதல்ல எழுதிக்கோ."

ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டே போனார். பதினாலு குடும்பமும் மாற்று வீடு கிடைக்கும்வரை லைனில் இருக்கலாம் என்று ஒரு ஆபீஸ் ஆர்டர். அதோடு சின்னச் சின்னதாக இன்னும் ஐந்து. நானே டைப் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். நம்பர் போட்டு, சீல் வைத்தேன். அதற்குப் பிறகுதான் பையைத் திறந்தேன்.

நின்றுகொண்டே படித்தார். "ஜீப்பை எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

வழியனுப்பு விழா எதுவும் இல்லை. மூன்று மணிக்கு, பெட்டி படுக்கையோடு வாடகைக் காரில் நாடுகாணி வழியாகக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை, ஆர்டரின் நகல் போய்ச் சேர்ந்ததும், டைரக்டர் கூப்பிட்டார். "அந்த ஆர்டர்ல கையெழுத்து லெட்டருக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிங்க சார்."

போனை வைத்துவிட்டார். ஆர்டர் செல்லுபடியாகி நின்றது. என் புரமோஷன்தான் நின்றுபோனது. அதே நாற்காலியில்தான் ரிடையர் ஆனேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

4. தங்கமணி

வருத்தம் வேறு. துரை போய்ப் பத்து நாள் கழித்துத் தங்கமணி வந்து நின்றாள். ஃபேக்டரியில் வேலை பார்த்து இறந்துபோனவரின் மனைவி.

"ஏனுங்க, பிள்ளைங்களைப் பாத்துக்கிற கிரெச் ஆயா ரிடையர் ஆனா அந்த வேலை எனக்குன்னு தொரை சொன்னாருங்க. இப்ப வேற ஆளைப் போட்டுட்டாங்களாமா?"

அன்று எழுதிய ஆறில் அது இல்லை. ஜேக்கப்புக்குப் போன் செய்தேன். "அய்யோ, சொன்னேன். மறந்துபோச்சு. இப்பவே எழுதித் தர்றேன்" என்றார். எழுதியும் அனுப்பினார். வேலையை விட்டுப் போனவருடைய லெட்டருக்கு மதிப்பில்லை என்று புது மேனேஜர் திருப்பிக் கொடுத்தார். தங்கமணியிடம் அதைச் சொன்னேன். "அப்ப சரிங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அடுத்த மாதம் நெல்லியாளம் பக்கம் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று மேனேஜர்கள் வந்து போனார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நானே காட்டுக்குள் போய், "துரை உங்களுக்கு ஏதாச்சும் சொல்லியிருக்காருங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டேன். ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வாக்குக் கொடுத்தவரிடம் மட்டும் கேட்காதீர்கள், அவர் நல்லவராகவே இருந்தாலும். வாங்கினவரிடம் கேளுங்கள். அவருக்குத்தான் மறக்காது.