நாற்பத்தாறாம் எண் முத்திரை

என் தம்பி கடற்படையில் நீர்மூழ்கியில் இருக்கிறான். அணு உலையில் ஓடி, ஏவுகணைகளைச் சுமந்துகொண்டு தண்ணீருக்கடியிலேயே கிடக்கிற வகை என்று அவன் வாய்திறந்து சொன்னதில்லை. மாதக்கணக்கில் போன் அணைந்து கிடப்பதை வைத்து நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம்.

நான் பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். வால்வுக்குள் உட்காரும் எஃகு வளையங்களை அளந்து, சரியென்றால் டப்பாவின் சீட்டில் என் எண் முத்திரையைக் குத்த வேண்டும். எல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ். எங்கே போகின்றன என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். முத்திரைக்கு நாற்பத்தாறாம் எண்தான் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கினேன். கோலார் தங்க வயலில் அது அப்பாவின் டோக்கன் எண். சுரங்கத்தில் இறங்குகிறவர் பலகையிலிருந்து தன் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவார், ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவார். உள்ளே பாறை வெடித்து வீடு அதிர்ந்தால், அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு அந்தப் பலகைக்குத்தான் ஓடுவாள். நாற்பத்தாறாம் ஆணி காலியாக இருந்தால் அப்பா இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள்.

இன்றும் தங்க வயலிலிருந்துதான் ரயிலில் வேலைக்கு வந்து போகிறேன். மாலை ரயிலை விட்டால் என் பாடு திண்டாட்டம். ஒரு வெள்ளிக்கிழமை கடைசி நேரத்தில் பன்னிரண்டு வளையங்கள் வந்தன. எட்டை அளந்தேன், எல்லாம் கச்சிதம். கடிகாரத்தைப் பார்த்தேன். மீதி நான்குக்கும் அதே அளவுகளை எழுதி, டப்பாவில் மேலாக வைத்து மூடி, முத்திரையைக் குத்திவிட்டு ஓடினேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஜன்னலோர இடம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் வேறு.

பல மாதம் கழித்துத் தம்பி விடுமுறையில் வந்தான். திரும்பிப் போகும் நாளன்று, விமான நிலையத்துக்குப் போகிற வழியில் மதிய இடைவேளையில் என்னைப் பார்க்க வந்தான். தொழிற்சாலைக்கு எதிரே இருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றபடி இட்லி சாப்பிட்டோம்.

"யக்கா, ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாத. உள்ள ஒரு ஸ்பேர் டப்பாவ பிரிச்சோம், பன்னெண்டு வளையம். சீட்டுல உன் கம்பெனி பேரு, நாப்பத்தாறு. நைனா நம்பரு!"

தட்டைக் கீழே வைத்தேன்.

"எத்தினி எடுத்தீங்க?"

"மேல இருந்த நாலு. மாட்டியாச்சு. அதுக்குப் பக்கத்துலதான் நான் படுக்குறது. உன் கை பட்டதுன்னு தெரிஞ்சதுலருந்து நிம்மதியா தூங்குறேன்க்கா."

சொல்லியிருக்க வேண்டும். கோழை நான். டாக்ஸி வந்தது, கையசைத்துவிட்டு ஏறிப் போனான்.

அன்று மாலைக்குள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு என் முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார். மேலே கடிதம் எழுதியிருப்பதாகச் சொல்கிறார். இதுவரை பதில் இல்லை. தம்பியின் எண்ணை உடனே அழைத்தேன், அணைந்திருந்தது. இன்று காலையும் அப்படியேதான்.

"போன் வந்துச்சா?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். அவளுக்காவது ஓடிப்போய்ப் பார்க்க ஒரு பலகை இருந்தது.