மாமனாருக்கு முளைத்த காது

மனித குலம் தன் எல்லைகளைத் தாண்டப்போகிறது என்ற செய்தி, நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்தது. சொன்னவள் என் மகள். எங்கள் ஊரான பெரம்பலூரிலேயே பொறியியல் படிக்கிறாள். வகுப்பில் பேசுவதற்கு அவளுக்கு அந்தத் தலைப்பைக் கொடுத்திருந்தார்கள். ஹாலில் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியில் என் மாமனார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்கிறவர் அவர் ஒருவர்தான். அவருக்குக் காது கேட்காது என்பது வேறு விஷயம்.

மூளைக்குள் சிப் வைப்பார்களாம். தேய்ந்த எலும்பைக் கழற்றி வேறு மாட்டுவார்களாம். போகப்போக சாவையே தள்ளிப்போட்டுவிடுவார்களாம். அவள் அடுக்கிக்கொண்டே போக, நான் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நான் ஆயுள் காப்பீட்டு முகவர். மனிதன் என்றைக்காவது செத்துப்போவான் என்ற ஒரே நம்பிக்கையில் குடும்பம் நடத்துகிறவன்.

“எல்லாருமா சாகமாட்டாங்க?” என்று கேட்டேன்.

“மொதல்ல வசதியிருக்கவங்கப்பா.”

“பாலிசி எடுக்கறதே அவங்கதானம்மா.”

அடுப்படியிலிருந்து என் மனைவி சொன்னாள்: “செத்தாத்தான பணம் குடுக்கணும்? சாகலன்னா காலத்துக்கும் கட்டிக்கிட்டே இருப்பாங்க. உங்களுக்கு என்ன நஷ்டம்?”

என் துறையில் பெரிய பதவியில் இருக்கிறவர்களுக்கே தோன்றாத யோசனை அது. இருந்தும் பயம் போகவில்லை. பயம் வந்தால் நான் வீடியோ பார்ப்பேன். வீடியோ பார்த்தால் பயம் கூடும். கூடிய பயத்துக்கு இன்னொரு வீடியோ. இப்படி ஒரு வாரம் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவானது: மாறுகிற மனிதன் பிழைப்பான், மாறாதவன் மிஞ்சமாட்டான். இது எனக்குப் புதிதல்ல. நாங்கள் இருக்கிற சீமையே ஒரு காலத்தில் கடலாக இருந்ததுதான். அந்தக் கடலில் காலத்துக்கேற்ப மாறாமல் போன பிராணிகளெல்லாம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல்லாகக் கிடக்கின்றன. அவற்றை வெட்டி, லாரியில் ஏற்றி, அரைத்து, சிமெண்ட் மூட்டையாக்கி விற்கிறார்கள். எனக்கும் அதே கதிதான் என்று முடிவுசெய்தேன். யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியில் நான் பூச்சு வேலையாக முடிவேன்.

மகளிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ ஏற்கெனவே மாறிட்டப்பா. கண்ணுல கண்ணாடி. வாயில மூணு பல்லு டாக்டர் குடுத்தது. அம்மா நம்பர் உனக்கு ஞாபகம் இருக்கா? போனுக்குத்தான் ஞாபகம் இருக்கு. நீ பாதி மெஷின்தான்.”

மீதிப் பாதிக்கு என்ன ஆதாரம் என்று யோசித்துப் பார்த்தேன். தொந்தியைத் தவிர வேறொன்றும் தட்டுப்படவில்லை.

இந்த விவாதமெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடக்கிற காரியம் என்ற அளவில் இருந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் மகள், படித்ததைச் செய்துபார்க்கிற ஜாதி. “தாத்தாவ அப்கிரேடு பண்ணலாம்” என்று கிளம்பினாள். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

என் மாமனார் ஆண்டிமடத்துக்காரர். முந்திரிக்காடு வைத்திருந்தவர். மாமியார் போனபிறகு எங்களோடு வந்துவிட்டார். பெண் வீட்டில் இருக்கிறோமே என்கிற கூச்சத்தில் எதையும் கேட்கமாட்டார். காது கேட்காமல் போனதில் அந்தக் கூச்சம் இன்னும் ஆழமாகிவிட்டது. நாங்கள் பேசினால் எங்கள் முகங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பார். நாங்கள் சிரித்தால் கொஞ்சம் தாமதமாக அவரும் சிரிப்பார்.

அரியலூரில் காது மெஷின் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே அழைத்துப்போய்ப் பரிசோதித்து, இரண்டு காதுக்கும் முந்திரிப்பருப்பு அளவில் இரண்டு கருவி வாங்கி வந்தார்கள். கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாம் என்று ஏற்பாடு. அவர் போனோடு இணைப்பு உண்டு. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். முதல் நாள் அவர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். “பிரிஜ் எப்பவும் இப்படித்தான் மொனகுமா?” என்றார். “பல்லி கத்துதும்மா” என்று மகளிடம் ஆச்சரியமாகச் சொன்னார். என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு மட்டும் வேறு கவலை.

காரணம், மாமா விஷயத்தில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவர் எது சொன்னாலும் “சரிங்க மாமா” என்று உரக்கச் சொல்வேன். அதற்குப் பிறகு, அதே சிரித்த முகத்தோடு, குரலைத் தாழ்த்தி இன்னொரு வாக்கியம் சொல்வேன். “கொழம்புல உப்பு பத்தல” என்பார். “சரிங்க மாமா. நாளைக்கு வேதாரண்யத்துலேர்ந்து ஒரு லோடு எறக்கிடறேன்.” “ஃபேன் சுத்தற வேகம் பத்தல” என்பார். “சரிங்க மாமா. மேல ஏறி நானே கையால சுத்திவிடறேன்.” அவர் திருப்தியாகத் தலையாட்டுவார். மகள் தட்டுக்குள் குனிந்து சிரிப்பாள். மனைவி முறைப்பாள், முறைத்துக்கொண்டே சிரிப்பாள். பாலிசி விற்கிறவன் நாள் முழுக்க அடுத்தவர் சொல்வதற்குத் தலையாட்டுகிறவன். எனக்கென்று கிடைத்த ஒரே மேடை அந்தச் சாப்பாட்டு மேசைதான்.

அந்த மேடையின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் இப்போது காது முளைத்திருந்தது.

மகளைத் தனியாகக் கூப்பிட்டேன். “இந்த மெஷின்ல பழசெல்லாம் கேக்குமா?”

“பழசுன்னா?”

“முன்னாடி பேசினதெல்லாம். போனோட கனெக்ட் ஆயிருக்கே.”

“அது காது மெஷின்ப்பா. சிசிடிவி இல்ல.”

“நல்லாத் தெரியுமா?”

அவள் கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்தாள். “இப்போதைக்கு இல்ல. அடுத்த அப்டேட்ல வரலாம்.”

பெற்ற பிள்ளை. அன்றிலிருந்து நான் வாயைக் கட்டினேன். “சரிங்க மாமா” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த வாக்கியம் தொண்டைவரை வரும், அதைச் சோற்றோடு சேர்த்து விழுங்குவேன். வயிறு உப்பிப்போனது. சாப்பாட்டு மேசையில் ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்டது. மகள் போனைப் பார்த்தாள். மனைவி சுவரைப் பார்த்தாள். மாமா மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்பித் தருகிற கெடு நெருங்கிய நேரத்தில் ஒரு காலை, அவர் இரண்டு கருவிகளையும் கழற்றி டப்பாவில் வைத்து மூடி, மனைவியின் முன்னால் தள்ளினார்.

“இது வேணாம்மா. குடுத்துடு.”

“ஏம்ப்பா? நல்லாத்தான கேக்குது?”

கழற்றிவிட்டதால் அவள் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. அவள் டப்பாவைத் திறந்து மறுபடி மாட்டிவிட்டுக் கேட்டாள்.

“எல்லா சத்தமும் வருது. மாப்ள சத்தம் மட்டும் வரமாட்டேங்குது. ‘சரிங்க மாமா’ங்கறது வருது, அதோட நின்னுபோவுது. அதுக்கப்புறம் ஒண்ணு சொல்லுவாருல்ல? நீங்கள்லாம் சிரிப்பீங்களே. வந்த நாள்லேர்ந்து பாக்கறேன், இந்த வூட்ல எல்லாரும் அதுக்குத்தான் சிரிக்கிறீங்க. அது என்னன்னு கேக்கலாம்னுதான் நானு இதுக்கு ஒத்துக்கிட்டதே. அதத்தான் இது முழுங்குது. பல்லி சத்தம் கேக்கறதுக்கு எனக்கு எதுக்கும்மா மெஷினு?”

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். என் மனைவி டப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள். அப்படிப் பார்த்தது கிடையாது.

“நீங்களே அரியலூருக்குக் கூட்டிட்டுப் போங்க. மெஷின் கோளாறா, மனுஷன் கோளாறான்னு அங்க பாத்துச் சொல்லுவாங்க. இத மட்டும் திருப்பிக் குடுத்துட்டு வந்தீங்கன்னா, அப்புறம் அப்பா காலத்துக்கும் இன்னொண்ணு மாட்டமாட்டாரு.”

பஸ்ஸில் ஜன்னலோரம் மாமா. அவர் மடியில் டப்பா. வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்தன. நான் யோசித்துக்கொண்டே போனேன். மெஷின் கெட்டுவிட்டது என்று இவர் திருப்பிக் கொடுத்துவிட்டால் என் மேடை எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும். நான் ஒன்றுமே செய்யவேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இவர் மறுபடி எங்கள் முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். அதை நினைத்தபோது மட்டும் ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பமுடியவில்லை.

கடையில் இருந்த பெண் வரதராசன்பேட்டைக்காரி. கழுத்தில் சின்னச் சிலுவை, பேச்சில் டீச்சர் தோரணை. கருவிகளைக் கணினியில் மாட்டிப் பார்த்துவிட்டு மாமாவின் காதுகளில் பொருத்தினாள். ஒரு அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு மெல்லிய குரலில் சில வார்த்தைகள் சொன்னாள். மாமா ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார்.

“மெஷின் நல்லாருக்கு தாத்தா.”

“உன் சத்தம் வருது தாயி. மாப்ள சத்தம்தான் பாதில நிக்குது.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஒருத்தரோட குரல் மட்டும் வராம இருக்காது சார். சரி, நீங்க இப்படிப் பின்னாடி உக்காருங்க. வூட்ல எப்படிப் பேசுவீங்களோ, அதே மாதிரி, அதே மெதுவாப் பேசுங்க. வேற மாதிரி வேணாம்.”

மாமாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

“சரிங்க மாமா.”

“‘சரிங்க மாமா’” என்றார் அவர். பிறகு, “இது வருது. அதுக்கப்புறம்?”

எனக்கு வேர்த்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அட்டையால் எனக்குச் சைகை காட்டினாள். மாமா கழுத்தைக் கொஞ்சம் முன்னே நீட்டி, கோயில் மணிக்குக் காத்திருப்பவர்போல அசையாமல் இருந்தார். மனித குலத்தின் அடுத்த கட்டம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது பறக்கவேண்டும் என்று கேட்கவில்லை, சாகாவரமும் கேட்கவில்லை. நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்பது தெரிந்தால் போதும் என்றது.

கண்ணை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, விட்டேன்: “காது குடுத்தும் ஆசை தீரல. அடுத்து மூக்குக்கும் ஒரு மெஷின் கேப்பாரு.”

அவர் ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் திருப்பிச் சொன்னார். “காது... குடுத்தும்... ஆசை தீரல. அடுத்து மூக்குக்கும்... ஒரு மெஷின்... கேப்பாரு.”

அந்தப் பெண் மேசைமேல் இல்லாத எதையோ குனிந்து தேடினாள்.

மாமா நாற்காலியோடு மெதுவாகத் திரும்பினார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“மூக்கு எனக்கு நல்லாவேதான் இருக்கு மாப்ள. நீங்க மாடில போயி சிகரெட்டு குடிச்சிட்டு ஏலக்காய மென்னுக்கிட்டு எறங்கி வர்றது, வந்த நாள்லேர்ந்து தெரியும்.”

அந்தப் பெண் அதற்குமேல் தாங்கமுடியாமல் சிரித்துவிட்டாள். மாமாவும் சிரித்தார். நான்தான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

“மெஷின் குடுத்துடலாமா தாத்தா?” என்று கேட்டாள்.

“எதுக்கு? நல்லாத்தான இருக்கு” என்று டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இருமடங்கு உற்சாகத்தோடு தொடங்கினேன். ஆனால் இத்தனை காலமும் நான் எதிராளி இல்லாத மைதானத்தில் பந்தடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொன்னார். அவர் கையில் பல வருடச் சரக்கு சேர்ந்திருந்தது. நான் பெண் பார்க்கப் போன அன்றைக்கு, பஜ்ஜியை மறைத்துச் சட்டைப் பையில் போட்டதைக்கூட விடவில்லை. அதை எங்கள் சீட்டைத் தாண்டியும் கேட்கிறமாதிரி சொன்னார். தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது அவருக்கு இன்னும் பழகவில்லை. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, “பஜ்ஜி வாழக்காயாங்க, வெங்காயமாங்க?” என்று விசாரித்தார்.

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. பெரம்பலூர் நெருங்கும்வரை பேசாமல் இருந்தேன்.

மாமா காதைத் தொட்டுப் பார்த்தார். போனை எடுத்துச் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டினார். கவலையோடு என் முகத்துக்குப் பக்கத்தில் சாய்ந்தார்.

“எதாவது பேசுங்க மாப்ள. மறுபடி கோளாறோன்னு பயமா இருக்கு.”