மூன்றாவது கை

கோட்டைக்காரர்கள் எங்கள் சேற்றில் பனங்கழி நட்ட அன்று எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கல்யாணமான புதிதில் நான் வைத்த மீன் குழம்பை என் மாமியார் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் பூனைக்கு ஊற்றினாள். அன்றுகூட இவ்வளவு கோபம் வரவில்லை.

பழவேற்காடு அப்போது ஒல்லாந்துக்காரர் கையில் இருந்தது. கோட்டைச் சுவருக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு சேற்றுத் திட்டு. தண்ணீர் இறங்கும் நேரத்தில் முழங்காலளவு நிற்கும். அங்கேதான் நாங்கள் கையால் இறால் தடவுவோம். ஏரியின் மற்ற இடமெல்லாம் வலைக்காரர்களுடையது. இந்தக் குப்பத்துக்கு இன்றைக்கு, அந்தக் குப்பத்துக்கு நாளைக்கு என்று அவர்களுக்குள் பாடு வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். படகும் வலையும் இல்லாத எங்களுக்கு எந்தப் பாட்டிலும் பங்கில்லை. தோணிரேவுப் பக்கம் போகலாமென்றால் அங்கேயும் எங்களைப் போன்ற பெண்கள் உண்டு, அவர்களுக்கும் வயிறு உண்டு. எங்களுக்கென்று இருந்தது கோட்டைச் சேறு மட்டும்தான்.

எங்கள் வேலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் குந்திக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டு, விரலால் இறாலைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு கையால் மறித்தால்தான் மறு கையில் அகப்படும். அதனால் பிடித்ததைப் போடுகிற பனையோலைப் பறியைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. அதன் விளிம்புக் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம், பறி மார்புக்கு முன்னால் தொங்கும். பறி வாயில் இருக்கும்வரை பேச்சு கிடையாது. பேசுவதற்காகப் பறியை எடுத்தவளை மற்றவர்கள் கண்ணாலேயே எரித்துவிடுவார்கள். கரையேறிவிட்டால் எங்களைப் போல் வாயாடிகள் பழவேற்காட்டில் இல்லை. ஊருக்கு நிம்மதி நாங்கள் தண்ணீரில் இருக்கும் நேரம்தான்.

ஒரு காலை வந்து பார்த்தால் திட்டைச் சுற்றிப் பனங்கழி, கழிக்குக் கழி இலந்தை முள். சுவருக்குக் கீழே கட்டியிருந்த படகிலிருந்து யாரோ செப்புத் தகடு உருவிவிட்டார்களாம். சுவருக்கடியில் குனிந்துகொண்டே திரிகிறவர்கள் நாங்கள்தானே, அதனால் நாங்கள் திருடிகளாம். காவல்காரன் இதைச் சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு ஏரியைப் பார்த்தான்.

என் வீட்டுக்காரருக்கு அப்போதே நெஞ்சுச்சளி. நாலடி நடந்தால் இளைக்கும். நான் சேற்றில் இறங்கினால்தான் அடுப்பு எரியும். அவர் மெதுவாகச் சொன்னார், சுண்ணாம்புக்குளத்தில் உன் அண்ணன் இருக்கிறாரே, கொஞ்ச நாள் அங்கே போய்விடலாம் என்று. அண்ணன் நல்லவர்தான். அண்ணி வீட்டில் நான் எப்படி இருக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவள் ஒரு சொல் சுடச் சொல்ல மாட்டாள். சோற்றைப் போட்டுவிட்டு, தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதற்குப் பட்டினி மேல் என்று நினைத்தேன். பிள்ளைகளைப் பார்த்தபோது அப்படி நினைக்கவும் முடியவில்லை.

"இந்த மாசம் பாப்போம். அப்பாலயும் கழி நிக்குதுன்னா மூட்டைய கட்டு," என்றேன்.

என் நைனா துணிக் கிடங்கில் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதுகிறவராக இருந்தார். அவரிடமிருந்து எனக்கு எழுத்து வந்தது, முன்கோபமும் வந்தது. விண்ணப்பத்தை நானே ஓலையில் எழுதினேன். கோட்டைத் துரையின் வீரம், துரையின் கருணை, துரையின் குலம் எல்லாவற்றையும் புகழ்ந்து முடிப்பதற்குள் ஓலை தீர்ந்துவிட்டது. சேற்றைப் பற்றி ஓரத்தில் ஒரு வரிதான் எழுத முடிந்தது. அதை எடுத்துக்கொண்டு எல்லோரும் கோட்டை வாசலுக்குப் போனோம். துபாஷி வெளியே வந்தார், துரைக்கும் ஊருக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்கிறவர். இன்னா சமாச்சாரம் என்று அவர் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். அவர் ஓலையை வாங்காமல் காதைப் பொத்திக்கொண்டார். ஒருத்தி பேசுங்கள், யார் தலைவியோ அவள் வரட்டும், மற்றவர்கள் போகலாம் என்றார்.

எங்களில் ஒருத்திக்குத் தொண்டை பெரிது. அவள் இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் திரும்பிப் பார்ப்பார்கள். அவளைத் தலைவியாக்கி அனுப்பினோம். போனவள் கோட்டைச் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலையோடு திரும்பி வந்தாள். இனி அவளால் கோட்டைக்கு எதிராக ஒன்றும் பேச முடியாது. நான் அவளைத் தெருவில் நிற்கவைத்துக் கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டேன். அவள் அழுதாளே தவிர வேலையை விடவில்லை. எப்படி விடுவாள், அவள் வீட்டிலும் பிள்ளைகள்தானே.

அடுத்து ஒருத்தியை அனுப்பினோம். அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. துறையில் துணிமூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவள் புருஷனை மறுநாளே வராதே என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் தலைவியாக முன்வரவில்லை. நானும்தான் வரவில்லை. என் குடிசை நின்ற மணல் கோட்டைக்குச் சொந்தமானது. துரை ஒரு சொல் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் கூரை தரையில் கிடக்கும். ஏற்கெனவே நடுக்கால் உளுத்துப்போய், கயிற்றில் கட்டித்தான் நிறுத்தியிருந்தோம்.

மாதம் முடியப் போகிற நேரம். வீட்டுக்காரர் சட்டிபானையை ஒவ்வொன்றாகத் துடைத்து ஓரமாக வைக்க ஆரம்பித்திருந்தார். நாங்கள் கழிக்கு வெளியே, இறாலே இல்லாத இடத்தில் சும்மா தடவிக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் இருந்தவள் பறியைக் கடித்தபடியே எதையோ முனகினாள். ஒன்றும் புரியவில்லை. இன்னா என்று நானும் பறியோடு முனகினேன். அவளுக்கும் புரியவில்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, பறி விழுந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டோம். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பறி வாயில் இருந்தால் யாராலும் பேச முடியாது. பேச முடியாத கூட்டத்தில் தலைவியைத் துரை எங்கே போய்த் தேடுவார்?

கரையேறியதும் சொன்னேன். பயப்பட்டார்கள், ஆனாலும் ஒருத்தியும் மாட்டேன் என்று சொல்லவில்லை. விண்ணப்பத்தை மாற்றி எழுதினேன். புகழ்ச்சியை எல்லாம் எடுத்துவிட்டேன். ஒரு ஓலை நறுக்கில் அடங்குகிற மாதிரி இவ்வளவுதான்: "எங்கள் இரண்டு கையும் சேற்றில். வாயில் பறி. திருட மூன்றாவது கை எங்களுக்கு ஏது? கழியை எடுக்க உத்தரவாக வேண்டும்." ஆளுக்கொரு நறுக்கு, எல்லாவற்றிலும் இதே எழுத்து.

துரையை எங்கே பிடிப்பது என்று சமையல்கட்டுக்காரி சொன்னாள். நான் திட்டிய பிறகு என்னோடு பேசாமல் இருந்தவள், தண்ணீர்க்குடத்தோடு வந்து, என்னைப் பார்க்காமல், குடத்தைப் பார்த்துச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் துரையும் துரைசானியும் ஏரிப்பக்கச் சுவர்மேல் உலாத்துவார்களாம். நல்லா இரு என்று நானும் குடத்தைப் பார்த்தே சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கழிகளுக்கு வெளியே வரிசையாகக் குந்தினோம். இரண்டு கையும் சேற்றில், பறி வாயில், பறிக்குள் நறுக்கு. துரையும் துரைசானியும் சுவர்மேல் வந்தார்கள். எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அசையவில்லை. துரை என்னவோ கேட்டார். துபாஷி மேலிருந்தே கத்தினார், உங்களில் தலைவி யார், வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று. ஒருத்தியும் பறியை எடுக்கவில்லை. நான் பறிக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கடித்தேன்.

கடைசியில் துபாஷியைக் கீழே அனுப்பினார்கள். சலவை வேட்டியைத் தொடைவரை தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார் மனிதர். இரண்டாவது அடியில் ஒரு செருப்பு போயிற்று. முதல் பறியில் கை விட்டு நறுக்கை எடுத்துப் படித்தார். அடுத்த பறியில் எடுத்தார், அதே வாசகம். அதற்கடுத்ததிலும் அதே. நாலாவது பறியில் கையை விட்டவர் ஐயோ என்று அலறினார்.

அந்தப் பறிக்காரியைக் குறை சொல்லி என்ன செய்வது. குந்தியிருந்த நேரத்தில் அவள் கைக்கு ஒரு சேற்று நண்டு தட்டுப்பட்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து தடவிப் பழகிய கை, தட்டுப்பட்டதை எடுத்துப் பறியில் போட்டுவிட்டது. எதற்கு வந்திருக்கிறோம் என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

துபாஷி கையை உதறினார். நண்டு விடவில்லை. உதற உதற அது இறுக்கும், அது அவருக்குத் தெரியாது. விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. சுவர்மேல் துரைசானி வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வரிசையில் எல்லோரும் பறியைக் கடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரிப்பை அடக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறந்தால் நான்தான் தலைவி, கூரை போய்விடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஆளுக்கு விரல் போய்விடும். மனுஷன் கத்திக்கொண்டே இருக்கிறான், எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

பறியைக் கழற்றினேன்.

"உதறாத சாமி. கைய தண்ணிக்குள்ள வையி. அது தானா வுட்டுடும்."

வைத்தார். நண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு, விட்டுவிட்டுப் போயிற்று. சுவர்மேலிருந்து துரை என்னைப் பார்த்து விரல் நீட்டி ஏதோ கேட்டார்.

"நீதான் தலைவியானு கேக்கறாரு," என்றார் துபாஷி. விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார்.

"நண்ட வுட வைக்க ஒருத்தி வாய தொறக்க வேண்டியதாச்சி. அத்தோட சரி. கேக்கறது நாங்க எல்லாரும்," என்றேன்.

துபாஷி அதைத் துரையிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. ஆனால் பிறகு, யாரும் கேட்காமலே, கையிலிருந்த நறுக்கை உரக்கப் படித்து அவர்கள் பாஷையில் சொன்னார். மூன்றாவது கை என்ற இடம் வந்தபோது தன் ரத்த விரலைத் தூக்கிக் காட்டினார். துரை எங்கள் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். என்னைத் தவிர எல்லார் வாயிலும் பறி, எல்லார் கையும் சேற்றுக்குள். அவர் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு. துரைசானி அவரிடம் ஏதோ சொன்னாள்.

"கழிய எடுத்துக்கலாமாம்," என்றார் துபாஷி. "செவுத்துக்குக் கீழ வரும்போது பறி வாயில இருக்கணுமாம், ரெண்டு கையும் சேத்துல இருக்கணுமாம். இதான் உத்தரவு."

நாங்கள் காலங்காலமாகச் செய்ததையே செய்யச் சொல்லி உத்தரவு. ஒரு கணம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு பறிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன, அடக்கிவைத்த அவ்வளவு சத்தமும் வெளியே வந்தது. சமையல்கட்டுக்காரி சுவர் ஓரத்தில் தலையை நீட்டி, "அவங்க மனசு மாறத்துக்குள்ள ஜல்தியா புடுங்குங்கமே," என்று அவளுடைய அந்தப் பெரிய தொண்டையில் கத்தினாள். அந்தக் கரைக்கே கேட்டிருக்கும். காவல்காரன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டி ஆட்டிப் பிடுங்கினோம். முள் கிழித்தது, ஒருத்தியும் சட்டை செய்யவில்லை. செப்புத் தகடு விற்றது அந்தப் படகுக்காரனே என்பது பின்னால் ஊர் முழுக்கத் தெரிந்தது. அதற்காக எங்களிடம் யாரும் வந்து வருத்தம் தெரிவிக்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. துபாஷிக்கு விரல் ஆறும்வரை நல்ல இறாலாகப் பொறுக்கி அனுப்பினேன். துணிமூட்டைக்காரனைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர்தான் என்று கேள்விப்பட்டபோது, இன்னும் கொஞ்ச நாள் சேர்த்து அனுப்பினேன்.

பிடுங்கிய கழிகளில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் வீட்டுக்காரர் கட்டிய மூட்டையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூட்டை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அவரே இறுக்கிக் கட்டிய முடிச்சு, வரவில்லை. நான் போய்ப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம்.

அடுத்த பொங்கலுக்கு அண்ணனும் அண்ணியும் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்தார்கள். இறால் குழம்பு வைத்தேன். அண்ணி இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுடைய தட்டைப் பார்க்காமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சாப்பிட்டதும் வீட்டு நடுக்காலில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, அதைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல வைரம் பாஞ்ச பனையா கீதே. எங்கேந்து வாங்கின?"

"கோட்டையில குடுத்தாங்க, அண்ணி," என்றேன்.