அவள் வராத நான்கு நாட்கள்

பெயரைக் கூப்பிட்டதும் அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருப்பாள். பிறகு முகவாயை லேசாகத் தூக்கி, "உள்ளேன் அம்மா" என்பாள். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, பாத்திரத்தைத் தரையில் வைக்கிற மாதிரி மெதுவாக முடிப்பாள். ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் நாற்பத்திரண்டு பெண்கள். மற்ற நாற்பத்தொரு பேரும் அந்த இரண்டு சொல்லை மென்று துப்புவார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் வருகைப் பதிவேட்டில் சாய்கோடு போட்டுக்கொண்டே போவேன். அந்தக் குரல் வந்தால் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்று கணக்கு. அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் அதைக் கூப்பிட்டதெல்லாம் போதும்.

நான் விழுப்புரத்துக்காரி. பல வருடங்கள் தினமும் ரயிலில் திண்டிவனம் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, ஓர் அரசு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினேன். இப்போது மாற்றல் வாங்கி வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டேன். போன மாதம் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுக்க வந்த இளைஞர் வெள்ளைப் பலகையின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் 'அதிகப் புத்திசாலித்தனம்' என்றும் மறு பக்கம் 'பழகத் தெரியாமை' என்றும் எழுதினார். ஒரு குழந்தையை வகுப்பே கூடி வதைக்கிறதென்றால் இந்த இரண்டில் எது காரணம், கை தூக்குங்கள் என்றார். ஆளாளுக்குத் தூக்கினார்கள், வாதாடினார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. "டீச்சர், நீங்க?" என்று அவர் கேட்டபோது தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அவளிடம் அந்த இரண்டுமே இருந்தன. ஜூன் மாதம் கொடுத்த பாடப்புத்தகத்தை ஜூலைக்குள் முடித்துவிட்டு, அடுத்த வகுப்புப் புத்தகத்தை யாரிடமோ வாங்கி வைத்திருந்தாள். பேசுவதும் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. "எனக்குத் தாகமாக இருக்கிறது, நான் தண்ணீர் குடித்துவிட்டு வரலாமா?" என்று பக்கத்துப் பெண்ணிடம்கூட முழு வாக்கியமாகக் கேட்பாள். யாராவது கிண்டல் செய்தால் அதற்கு என்ன பொருள் என்று விசாரிப்பாள். இதையெல்லாம் வைத்து வகுப்பு அவளைப் படுத்தவில்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்ல முடியும். இரண்டு மாதம் அவளை ஒரு வேடிக்கையாக, கொஞ்சம் செல்லமாகக்கூட வைத்திருந்தார்கள். அவள் நோட்டைப் பார்த்து எழுதினார்கள், அவள் டிபன் டப்பாவில் கை வைத்தார்கள். பிறகுதான் நான் அவளிடம் ஒப்பிக்கும் நோட்டைக் கொடுத்தேன்.

அது எங்கள் பள்ளிகளில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. கேள்வி பதில்களை மனப்பாடம் செய்து, ஆசிரியரிடம் அல்ல, லீடரிடம் ஒப்பிக்க வேண்டும். லீடர் நோட்டில் டிக் போடுவாள். டிக் இல்லாதவர்கள் அந்தப் பீரியட் முழுக்க வராந்தாவில் முட்டி போட வேண்டும். எந்த லீடரும் இதைப் பார்த்தும் பாராமலும்தான் நடத்துவாள். தோழிக்கு ஒரு டிக், இலந்தை வடைக்கு ஒரு டிக் என்று வண்டி ஓடும். எங்களுக்கும் அது தெரியும். இவளுக்கு மட்டும் அது தெரியவில்லை. ஒரு சொல் விடுபட்டாலும் "முழுமையாக இல்லை" என்று சொல்லி நோட்டை மூடிவிடுவாள். ஆகஸ்டில் ஒரு நாள் பத்தொன்பது பெண்கள் வெயிலில் முட்டி போட்டிருந்தார்கள். எனக்கு ஒரே பூரிப்பு. காலைப் பிரார்த்தனையில் அவளை மேடையேற்றி, "இவளப் பாத்துக் கத்துக்குங்க" என்று மைக்கில் சொன்னேன்.

கற்றுக்கொண்டார்கள். முதலில் ஒருத்தி, பிறகு ஒரு பெஞ்சு, பிறகு வகுப்பு முழுவதும் அவளைப் போலவே பேச ஆரம்பித்தார்கள். அந்த ஒரு மூச்சு இடைவெளி, தூக்கிய முகவாய், இழுத்து இறக்கும் கடைசி எழுத்து எல்லாம் அச்சாக வந்தன. யாரும் சிரிப்பதில்லை. சிரித்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். நான் கேள்வி கேட்டால் நாற்பத்தொரு வாயிலிருந்தும் அவள் குரலில் முழு வாக்கியத்தில் பதில் வந்தது. வகுப்பு திருந்திவிட்டது என்று ஆசிரியர் அறையில் பெருமை அடித்துக்கொண்டேன். அவள் வரவர வாய் திறப்பதை நிறுத்திக்கொண்டாள். அதை நான் கவனிக்கவில்லை. அவள் குரல்தான் வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்ததே.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மணி அடிப்பதற்கு முன்பே அவளுடைய அப்பா அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கு வந்தார். கொஞ்சம் நிலம் வைத்துப் பயிரிடுகிறவர், கூச்சமான மனிதர். "டீச்சர், நாலு நாளா இது ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு திருவக்கரையில போய் குந்திக்கினு இருந்திருக்குது. அந்தக் கல்லா மாறிப்போன மரமெல்லாம் கெடக்குதே, அங்க. எம் மச்சான் கோயிலாண்ட தேங்கா கடை வெச்சிருக்காரு, அவரு பாத்துட்டு நேத்து போன் பண்ணாரு. மன்னிச்சி கிளாஸ்ல சேத்துக்குங்க" என்றார். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. "தெனம் வர்றாளேங்க" என்றேன். பதிவேட்டை எடுத்து வந்து விரித்தேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். அவள் பெயருக்கு நேரே நான்கு சாய்கோடுகள் என் கையால் போட்டவை. செல்போன் செயலியிலும் அதே நான்கு நாளும் வருகை ஏறியிருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. இதை நம்புவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் அவளைப் பார்த்த ஞாபகம் எனக்குத் தெளிவாகவே இருந்தது. புதன்கிழமை ஒரு கேள்விக்கு அவள் பதில் சொன்னதும், நான் "வெரி குட்" என்றதும் காதில் நின்றன. அதையும் சொன்னேன். அப்போது அவள், அந்த ஒரு மூச்சு நேரம் விட்டு, "நான் வரவில்லை. டீச்சர் தவறாக எழுதியிருக்கிறார்கள்" என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. என் பதிவேட்டைத் தவறு என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் சொல்வதா? மூன்று பெண்களை வரவழைத்துக் கேட்டேன். மூன்று பேரும் கண் இமைக்காமல், "வந்தா டீச்சர்" என்றார்கள்.

அவள் அப்பாவின் முகத்தில் முதலில் இருந்தது குழப்பம். அது பயமாக மாறியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "மச்சான் நேத்து கிட்டப் போயி பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். திரும்பவே இல்லியாம்" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப அங்க குந்தினிருந்தது எதுங்க?" என்று கேட்டார். அவள் பதிவேட்டின் மேல் குனிந்து, அந்த நான்கு கோடுகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எழுதியிருப்பதை நம்பிப் பழகிய பெண் அவள். அன்று முதல் தடவையாக அவள் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. என்மேல் அல்ல. அவர் அவளை வகுப்பில் விடாமல் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை வழக்கம்போல் பெயர்களைக் கூப்பிட்டேன். குனிந்த தலை நிமிரவில்லை. அவள் பெயர் வந்தது. ஒரு மூச்சு நேரம் கழித்து, "உள்ளேன் அம்மா" என்று அவள் குரல் வந்தது. கோடு போடப் போனவள் எதற்கோ நிமிர்ந்தேன். இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் அவள் இடம் காலியாக இருந்தது. நாற்பத்தொரு பெண்களும் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகத்தில்கூடக் குறும்பு இல்லை. இன்னொரு தடவை அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இன்னொரு தடவையும் பதில் வந்தது, இந்த முறை ஜன்னல் பக்கத்திலிருந்து. யார் என்று அதட்டினேன், கெஞ்சினேன். பிறகு ஒரு பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, "யாருன்னு தெரில டீச்சர், எங்களுக்கும் இப்பல்லாம் பயமாத்தான் இருக்குது" என்று அழுதாள். அந்தப் பெண் நடித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கே அவள் அப்பாவைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸில் அரை மணி நேரம், அவ்வளவுதான். தலைமையாசிரியையிடம் சொன்னேன். "நாலு நாள் வராத பொண்ணுக்கு வருகை போட்டோம்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? ஆன்லைன்ல வேற ஏறிப்போச்சு. விடுங்க, தானா சரியாயிடும்" என்றார். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. வேலைக்கு ஆபத்து வரும் என்று பயந்தேன், அதைவிட, தலை நிமிர்ந்து பார்க்காமலே வகுப்பெடுத்தேன் என்பது நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதற்குள் அவள் ஊரில் வேறு காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. மூன்று வெள்ளிக்கிழமை அவளைத் திருவக்கரை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். எலுமிச்சம்பழம் சுற்றினார்கள், கையில் கயிறு கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே கல்மரங்களுக்கு நடுவிலும் உட்கார்ந்திருந்தவள் என்று ஊரே பேசியது. அவள் ஒவ்வொரு முறையும் பள்ளிக்குப் போகவில்லை என்றே சொன்னாளாம். மூன்றாம் வெள்ளி மட்டும் சொல்லவில்லையாம்.

திரும்பி வந்தவள் எல்லாரையும் போலப் பேசினாள். பெயர் கூப்பிட்டதும் சட்டென்று பதில் சொன்னாள். ஒப்பிக்கும் நோட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் டிக் போட்டாள். அந்த வாரமே அவளைப் போலப் பேசுவதை மற்றவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். போலச் செய்வதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. அவளைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள், பூக்கூட வைத்துவிட்டார்கள். மதிப்பெண் இறங்கி நடுத்தரத்தில் நின்றது. ஆசிரியர் அறையில், "இப்பத்தான் சகஜமா இருக்குது பொண்ணு" என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

பயிற்சி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது வருடம் தாமதமாக, நான் அந்த ஊருக்குப் போனேன். அவள் திண்டிவனம் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அன்று விடுமுறை. அப்பாவும் மகளும் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள், நிலக்கடலைத் தோல் வாசலெல்லாம் சிதறிக் கிடந்தது. எனக்கு நாற்காலி போட்டு, கலர் வாங்கி வந்து கொடுத்தார்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கி நீ சொன்னதுதாம்மா நெஜம். நீ வரல. வேற யாரோ உன்ன மாதிரி குரல் குடுத்தாங்க. பாக்காம கோடு போட்டது நான். மூணு நாள்லயே எனக்குத் தெரிஞ்சிபோச்சு, வந்து சொல்லல" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அப்பா கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே போட்டார். "அதெல்லாம் திருவக்கரை அம்மா பாத்துக்கினாங்க டீச்சர். நல்லா இருக்குது இப்போ. எதுக்குங்க பழச கிளறிக்கினு" என்றார். குரலில் பழைய பயம் இருந்தது. அவள் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"இல்ல டீச்சர், நான் வந்துகினுதான் இருந்தேன். நீங்கதான் மறந்துட்டீங்க. செவ்வாக்கெழம மழ பேஞ்சிச்சி. சாரல்ல என் நோட்டெல்லாம் நனஞ்சிபோச்சு. நீங்க பாடத்த நிறுத்திட்டு வந்து ஜன்னல சாத்துனீங்க. போறப்போ என் தலய தடவிட்டு, நனஞ்சிட்டியாடீன்னு கேட்டீங்க."

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை இல்லை. பாடத்தை நிறுத்திவிட்டு நான் ஒருநாளும் எந்தப் பெண் பக்கத்திலும் போனதில்லை, ஒருத்தி தலையையும் தொட்டதில்லை. மறுக்கத்தான் வாயெடுத்தேன். அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பள்ளியில் இருந்த வருடங்களில் அவளுக்கு நடந்த ஒரே நல்ல காரியத்தை அவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஞாபகம் இருக்குதா டீச்சர்?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்று சொன்னேன்.