சண்டை போட்டுக் கேட்ட ஒரு வார்த்தை

பக்தர்கள் பலரும் மனமுருகி வேண்டியதைச் சொல்வார்கள். நான் முருகனிடம் சண்டை போட்டவள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சேகர் சினிமா செட் போடும் தச்சர். மந்தைவெளியில் குடியிருக்கிறோம். அவருக்கு ரத்தம் அளவுக்கு மீறி ஊறிக் கெட்டியாகிற வியாதி. அது தீராது. மாத்திரை சாப்பிட்டு, அவ்வப்போது ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். விட்டால் உறைந்து மூளையை அடைக்கும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் கேட்டால்தானே. ஷூட்டிங் இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். நானும் கிருத்திகை தவறாமல் வடபழனிக்குப் போய் அழுததுதான் மிச்சம்.

போன ஆடியில் ஒரு காலை. டீ குடிக்கும்போது டம்ளர் கைநழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சு குழறி நின்றுவிட்டது. தெருமுனை கிளினிக்கில் பிரஷர் என்று ஊசி போட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ரத்த வியாதி என்று நான் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஸ்கேனில் அடைப்பு தெரிந்தது. கரைக்கும் மருந்து ஏற்றினார்கள். உயிர் தங்கியது. ஆனால் வலது கையும் காலும் அசையவில்லை. விழுங்க முடியாமல் மூக்கில் டியூப். பேச்சே இல்லை.

தி.நகர் ஜவுளிக்கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வார்டிலேயே கிடந்தேன். நாத்தனார் வந்து பால்குடம் வேண்டிக்கொள்ளச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராந்தாவுக்குப் போய் முருகனிடம் வாய்விட்டே கேட்டேன்.

"இத்தினி வருசமா கூப்ட்டுக்கினு கீறேனே, உன் காதுல வுழுதா இல்லியா? அவரு வேலைக்குப் போவ வேணாம். ஒரே ஒரு வார்த்தை பேச வையி."

மறுநாள் ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தார். ஊசியைப் பார்த்ததும் இவர் முகம் சுளித்தார்.

"வே... வேணாம்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "இன்னொரு வாட்டி சொல்லுய்யா," என்றேன். சொன்னார். நர்ஸ் ரத்தத்தையும் எடுத்துவிட்டுத்தான் போனார்.

இன்று கோலூன்றி நடக்கிறார். பாதி வார்த்தை அவர் சொல்ல, மீதியை நான் ஊகிக்கிறேன். ரத்தம் எடுக்கும் நாளில் எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நிற்கிறார். கை இன்னும் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது. கோயிலுக்குப் போவதை மட்டும் விடவில்லை. அவன் கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்களுக்கும் கோபம் இருந்தால் கோபத்தோடேயே அவனிடம் கேளுங்கள். ஆனால் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால் விளக்கேற்றிவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆட்டோவில் உட்கார்ந்து வேண்டினாலும் முருகனுக்குக் கேட்கும்.